அக்காவின் மேல் விழுந்த கல்

முதலில் சத்தம் வந்தது. மேகமே இல்லாத வானத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில வெடிகள். அதன் பிறகு, லாரியில் இருந்து ஜல்லியைச் சரிப்பது போல நீண்ட இரைச்சல். நான் வீட்டின் பின்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. காகங்கள் எல்லாம் ஏரிப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. அடுத்தது வீட்டுக்குள் ஓடு நொறுங்கும் சத்தம். கூடவே அக்காவின் குரல். அவள் அலறவில்லை. "அய்ய, இன்னாது இது" என்றாள், யாரோ அவள் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டது போல.

உள்ளே ஓடினேன். அடுப்படி முழுக்கப் புழுதி. கூரையில் ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்குத் துளை. அதன் வழியாக வெயில் நேராகத் தரையில் விழுந்தது. அக்கா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள், அரிவாள்மணைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடது கை, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. புடவை முழுக்கச் செதில். ரத்தம் என்று பார்த்தால் பெரும்பாலும் மீனுடையதுதான். கூரைக்குக் குறுக்கே போன பனை விட்டம் ஓரத்தில் பிளந்து, நார் நாராகத் தொங்கியது. கல் முதலில் விட்டத்தில் பட்டு, அங்கிருந்து அவள் கையிலும் இடுப்பிலும் இறங்கியிருந்தது. விட்டம் அந்த இடத்தில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அப்போது நினைக்கவில்லை. பிறகு நிறைய நினைத்தேன்.

கல் அம்மிக்குப் பக்கத்தில் கிடந்தது. உரித்த தேங்காய் அளவு. கறுப்பு. சுட்ட கத்தரிக்காயின் தோல் போல ஒரு மெல்லிய கருகல் அதைச் சுற்றிலும் மூடியிருந்தது. ஈர மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தியது போல அங்கங்கே குழிகள். தொட்டேன். சுடவில்லை. அது சுடாதது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

அப்படி ஒரு சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் இருப்பவர்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். அன்று யாரும் வரவில்லை. கதவுகள் சாத்தப்படும் சத்தம்தான் வரிசையாகக் கேட்டது. அது 1991. இரண்டு மாதத்துக்கு முன்பு, மே மாதம், ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்குள் ஜீப் நுழைந்தாலும் ஆண்கள் கொல்லைப்பக்கம் போய்விடுவார்கள். வாடகைக்கு வந்தவன் யார், சைக்கிளில் பை மாட்டிக்கொண்டு போனவன் யார் என்று எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டாசு வெடிக்க யாருக்கும் துணிவில்லை. கல்யாணங்கள்கூட வெடி இல்லாமல் நடந்தன.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பயம் கொஞ்சம் கூடுதல். அக்காவின் கணவர், நான் மாமா என்று அழைப்பவர், கல் குவாரியில் வெடிக்காரர். பாறையில் துளை போட்டு, மருந்து அடைத்து, திரி வைப்பது அவர் வேலை. வடக்குப்பட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தக் குவாரியில் மருந்து வைக்கும் அறையை மே மாதமே பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து அவருக்கு வேலை இல்லை. அப்பா அம்மா இல்லாத நான் அவர்கள் வீட்டில் இருந்துகொண்டு, மெட்ராசில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவளாக வேலை பார்த்தேன். தினமும் பஸ்.

மாமா டீக்கடையில் இருந்து ஓடி வந்தார். அக்காவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு கல்லை.

"எவன்டா ஞாயித்துக்கெழமையில வெடி வச்சவன்" என்று கத்தினார்.

குவாரிக்காரர்களுக்குக் கூரையில் கல் விழுந்தால் தோன்றுவது அது ஒன்றுதான். வெடி வைக்கும்போது பாறைச் சில்லு பறந்து வந்து ஊரில் விழுவது உண்டு. எங்கள் மலையில் வேலை நின்றிருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் வேறொருவரின் மலை இருந்தது. அங்கே திருட்டுத்தனமாக வெடி வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே பேச்சு.

பால் வண்டிக்காரரைக் கெஞ்சி அக்காவை ஏற்றினோம். கேன்களுக்கு நடுவில் நானும் அவளும் உட்காரத்தான் இடம். மாமா சைக்கிளில் பின்னால் வருவதாகச் சொன்னார்.

ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையில் டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "எப்படிம்மா?" என்றார்.

"கல்லு வுழுந்துச்சு சார்" என்றாள் அக்கா.

"எங்கேயிருந்து?"

"மேலேர்ந்து."

"மாடியிலேர்ந்தா?"

"எங்க வூட்டுக்கு ஏது சார் மாடி."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சத்தம் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கேட்டிருந்தது. வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "இதை நான் போலீசுக்குச் சொல்லித்தான் ஆகணும். எனக்கு வேற வழியில்ல" என்றார். குரலில் கடுமை இல்லை. அவருக்கும் பயம் என்று தெரிந்தது. அவர் அக்காவின் இடுப்பில் இருந்த காயத்தைப் பார்த்தபோது நானும் பார்த்தேன். சோற்றுத் தட்டு அளவுக்குக் கன்றியிருந்தது. தோல் கிழியவில்லை, பொசுங்கவும் இல்லை.

மாமா மாலையில்தான் வந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது, பாதி வேலை முடிந்த ஆளுடைய தெளிவு.

"ஒடச்சிப் பாத்துட்டோம்" என்றார்.

அக்கா மாவுக் கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இன்னாத்த ஒடச்ச?"

"கல்லத்தான். பின்ன, ஏரிக்கு அந்தாண்ட கீறவன் ஒத்துப்பானா? இது எங்க கல்லே இல்லன்னுவான். ஒடச்சி உள்ள பாத்தாதான எந்த மலைன்னு தெரியும்?"

இது அவர்கள் தொழில் முறை. வெளித்தோலை வைத்து ஒரு கல்லைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார்கள். சம்மட்டியால் ஒரு போடு போட்டு, புதிதாகப் பிளந்த முகத்தைப் பார்த்தால்தான் கல்லைப் பார்த்ததாகக் கணக்கு. மாமாவும், தெருவில் இருந்த மற்ற குவாரிக்காரர்களும் எங்கள் கொல்லையில் உட்கார்ந்து அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சுதா?"

"அதான் இல்ல. உள்ள சாம்ப கலரு. நடுவுல பொடிப் பொடியா இரும்பு மாதிரி மின்னுது. நம்ம மலையும் இல்ல, அவன் மலையும் இல்ல. ஆளுக்கொரு துண்டு எடுத்துகினு போயிருக்கானுங்க. நாளைக்கு நாலு எடத்துல காட்டி வெசாரிப்பானுங்க."

"என் கை ஒடஞ்சி கீது. நீ கல்ல ஒடச்சிகினு இருந்தியா?" என்றாள் அக்கா.

மாமா குனிந்து மாவுக் கட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். அந்த இரண்டு மாதங்களில் அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்பது கண்ணில் தெரிந்தது. அடுப்படிக்குள் வந்து துளையைப் பார்த்தார். கொல்லையில் மீதமிருந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். ஒரு பக்கம் கருகிய தோல், மறு பக்கம் மின்னும் உலோகப் புள்ளிகள்.

"இது இன்னாய்யா?"

"கல்லு சார்."

"கல்லுல இரும்பு எப்பிடி வந்துச்சு?"

"அதான் சார் எங்களுக்கும் புரியல."

"வெளிய எரிஞ்சு கீது. உள்ள இரும்பு. நீ வெடி வைக்கிறவன். ஒன் வூட்டுக்குள்ள சத்தம் கேட்டு கூர போயிருக்கு. நான் இன்னா நெனைக்கணும்? நீயே சொல்லு."

முழுக் கல்லாக இருந்திருந்தால் யார் பார்த்தாலும் கல் என்று சொல்லியிருப்பார்கள். உடைத்த பிறகு அது வெடித்துச் சிதறிய ஏதோ ஒன்றின் துண்டாக இருந்தது. எனக்கே அதைப் பார்க்கப் பார்க்க அப்படித் தோன்ற ஆரம்பித்தது. பயத்தில் கண் சொல்வதை மனம் மாற்றி எழுதிக்கொள்ளும்.

"வானத்துலேர்ந்து வந்துச்சு சார்" என்றாள் அக்கா.

"ஏம்மா, வானத்துல யாரும்மா கல்லு வச்சிகினு ஒக்காந்து கீறாங்க?" என்றார் கூட வந்த ஏட்டு. வாசலில் நின்ற யாரோ சிரித்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மதியம் வேனில் நாயைக் கொண்டுவந்தார்கள். பழுப்பு நிறம், நீண்ட மூக்கு. பிடித்திருந்தவர் அதனிடம் ஏதோ மெல்லச் சொன்னார். நாய் கல் துண்டை முகர்ந்தது. தும்மியது. விலகிப் போய்விட்டது. அடுப்படியைச் சுற்றியது, மீன் சட்டியிடம் கொஞ்சம் நின்றது, அதட்டியதும் நகர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது. மாமாவும் அக்காவைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பிறகு நாய் கூடத்துக்குப் போனது. சுவர் ஆணியில் மாமாவின் வேலைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காக்கி நிறம், வேலை நின்றதிலிருந்து துவைக்காமல் அப்படியே மாட்டியிருந்தது. நாய் அதன் கீழே உட்கார்ந்தது. குரைக்கவில்லை. வாலையும் ஆட்டவில்லை. சட்டையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மருந்து வாசனை பிடித்தால் அப்படி உட்காரத்தான் அதைப் பழக்கியிருந்தார்கள்.

"மருந்து வாசன சார்" என்றார் மாமா. "நான் வெடிக்காரன் சார். பத்து வருசமா அந்தச் சட்டதான் சார். வேற எப்பிடி சார் வரும்?"

"ஏறு வண்டியில. அங்க வந்து சொல்லு."

சட்டையையும் கல் துண்டையும் தனித்தனிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அவர் மேலே வேறு சட்டை போட்டுக்கொள்ளத் திரும்பினார். விடவில்லை. பனியனோடு ஏறினார். அக்கா ஜீப்பின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தாள். ஓட முடியவில்லை, இடுப்பு விடவில்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். போகாமல் இருந்தால் வீட்டில் இன்னொருவரும் ஏதோ செய்துவிட்டுப் பதுங்குவதாகச் சொல்வார்கள் என்று அக்காதான் அனுப்பினாள். பிழை திருத்தும் அறையில் நாங்கள் இரண்டு இரண்டு பேராக உட்காருவோம். ஒருவர் நிருபர் எழுதி அனுப்பிய படியை உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சுப் படியில் பேனாவை ஓட்டிக்கொண்டே வருவார். எனக்குப் படித்தவர் பல வருட அனுபவஸ்தர். எதைப் படித்தாலும் ஒரே குரல். மரண அறிவிப்பும் தங்கம் விலையும் அவர் வாயில் ஒன்றுபோலவே வரும்.

"ஸ்ரீபெரும்புதூர் அருகே வீட்டில் மர்மப் பொருள் வெடித்துப் பெண் காயம், புள்ளி" என்று படித்தார். "கல் குவாரியில் வெடி வைக்கும் வேலை செய்துவந்த அவரது கணவரை, கமா, போலீசார் பிடித்துத் தீவிரமாக விசாரித்து வருகின்றனர், புள்ளி. அவரது சட்டையில், கமா, வெடிமருந்து இருந்ததாகக் கூறப்படுகிறது, புள்ளி."

மாமாவின் பெயர் வந்தது. எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தன. திருத்த எதுவும் இல்லை. "வெடித்து" என்ற சொல்லின் மேல் என் பேனா நின்றது. எதுவும் வெடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பிழை திருத்துபவர் மூலத்தில் இருக்கும் சொல்லை மாற்றக் கூடாது.

"இன்னாம்மா, தூங்கிட்டியா? அடுத்த வரி" என்றார்.

அச்சுப் படியை எடுத்துக்கொண்டு செய்தி ஆசிரியரின் மேசைக்குப் போனேன். அதற்கு முன் அவரிடம் நான் பேசியதே இல்லை. அது என் அக்கா என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெடிக்கலன்னு நீ எப்படிச் சொல்ற?"

"நான் அங்கதான் சார் இருந்தேன். ஓடு எல்லாம் உள்ள விழுந்து கிடந்தது. வெளிய ஒரு சில்லுகூட இல்ல. சத்தம் வீட்டுல கேக்கல சார், மேல கேட்டது. அதுக்கப்புறம்தான் கல் விழுந்தது."

"சத்தம் முதல்ல, கல் பின்னால?"

"ஆமா சார்."

அச்சுப் படியை வாங்கி இன்னொரு முறை படித்தார். பிறகு, "தலைப்புல வேணும்னா ஒரு கேள்விக்குறி போடலாம்" என்றார். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, உடனே குரலை மாற்றினார். "விண்கல்லா இருக்கும்மா. எனக்குத் தெரிஞ்ச நிலவியல் வாத்தியார் ஒருத்தர் காலேஜ்ல இருக்கார். வரச் சொல்றேன். ஆனா துண்டக் காட்டாத. துண்டப் பாத்துட்டு அவரும் தயங்கினா உன் மாமா கதை முடிஞ்சுது. அந்த சப்-இன்ஸ்பெக்டர் கண்ணுக்கே அது கல்லுன்னு தெரியணும். முழுசாக் கொண்டா."

கேள்விக்குறியோடு செய்தி வந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் அதை உரக்கப் படித்தார்கள். கேள்விக்குறியை யாரும் படிக்கவில்லை.

கல்லை முழுசாக்க வேண்டும். துண்டுகளை எடுத்துப் போனவர்கள் எல்லாம் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருந்தவர்கள்தான், மாமாவோடு வேலை பார்த்தவர்கள். அக்காவும் நானும் போனோம். முதல் வீட்டில் கதவையே திறக்கவில்லை. உள்ளே ரேடியோவின் சத்தம் குறைந்தது, அவ்வளவுதான். இரண்டாவது வீட்டுக்காரர் வாசலிலேயே கையை விரித்தார். "கல்லா? நான் எந்தக் கல்லும் எடுக்கல. நான் அன்னிக்கி ஊர்லயே இல்ல." அவர்தான் சம்மட்டி கொண்டுவந்தவர். இன்னொரு வீட்டில் அந்த அம்மாள் அழுதாள். "தாயே, எனக்கு ரெண்டு பொண்ணு கீது. எங்க வூட்டாண்ட ஜீப் வந்தா எவன் கட்டுவான்? எங்கள வுட்டுடு." என்னால் அவர்கள் யார் மேலும் கோபப்பட முடியவில்லை. வாசலில் நாய் வந்து உட்கார்ந்தால் எந்த வீட்டிலும் ஏதோ ஒரு சட்டை இருக்கும்.

ஸ்டேஷனில் மாமாவைப் பார்க்க விட்டார்கள், தூரத்தில் இருந்து. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவரை அடித்ததாகத் தெரியவில்லை. ஆனால் யார் பக்கத்தில் நடந்தாலும் தோளை ஒடுக்கிக்கொண்டார். மெட்ராசில் இருந்து பெரிய அதிகாரிகள் வந்து அழைத்துப் போவார்கள் என்று ஏட்டு சொன்னார். அங்கே போனால் எப்போது திரும்புவார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "நீ பேப்பர்ல தான வேல செய்யற? ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

அடுத்த நாள் காலை அக்கா அடி பம்புக்குப் போனாள். தெருப் பெண்கள் எல்லாம் குடத்தோடு வரிசையில் நிற்கும் நேரம். அவளுக்குத் தண்ணீர் அடிக்க ஒரு கைதான் இருந்தது. குடம் கொண்டுபோகவில்லை. பம்பின் மேடையில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நான் யார் பேரையும் சொல்ல மாட்டேன். என் புருசனும் சொல்ல மாட்டான். சொல்றதா இருந்தா நேத்தே ஜீப் வந்திருக்கும். எனக்குக் கல்லு வேணும். அவ்ளோதான்."

பம்பு அடித்துக்கொண்டிருந்தவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"மேல வுழுந்தது என் மேல" என்றாள் அக்கா. "ஒங்க மேல ஒரு தூசு வுழல. ஆளுக்கு ஒரு துண்டு பிரசாதம் மாதிரி வாங்கிகினு போனீங்க இல்ல? அன்னிக்கி பயமா இல்லியா? இப்ப கைல வச்சிகினு பயந்து சாவறீங்க. கல்லு ஒங்க வூட்ல இருந்தாதான்டி பேஜாரு. என்கிட்ட குடுத்துட்டா அது என் கல்லு. என் மேல வுழுந்த கல்லு. எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

"சொல்லுவடி, போலீஸ் கேட்டா சொல்லுவ" என்றாள் வரிசையில் இருந்து ஒருத்தி.

"என் கைய பாரு. ஒண்ணு ஒடஞ்சி கீது. இன்னொண்ண ஒன் தலைல வச்சி சத்தியம் பண்ணட்டா?"

"அய்ய, என் தலைல எதுக்கு. ஒன் தலைல வச்சிக்க."

எங்கோ சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பில்தான் ஏதோ தளர்ந்தது என்று நினைக்கிறேன். மதியத்துக்குள் துண்டுகள் வந்தன. ஒன்று முறத்தில் வறட்டிக்கு அடியில் வந்தது. இன்னொன்றைக் கொண்டுவந்தவள் அதை ஊறுகாய் ஜாடி மூடி மேல் பாரத்துக்கு வைத்திருந்ததாகச் சொன்னாள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. சம்மட்டிக்காரர் வீட்டுத் துண்டு மட்டும் வரவில்லை. அதை அவர் குவாரிக் குட்டையில் வீசியிருந்தார். மழைத் தண்ணீர் நின்று ஆழம் தெரியாமல் கிடந்த பள்ளம் அது. இறங்கித் தேடப் பார்த்தார்கள், அகப்படவில்லை.

கிடைத்தவற்றைத் துணியில் மூட்டையாகக் கட்டி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனோம். பஸ்ஸில் அதை என் மடியில் வைத்திருந்தேன். பக்கத்து ஸீட்டுக்காரர் "இன்னாம்மா அது" என்று கேட்டபோது நான் மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அக்காதான், "புளி" என்றாள்.

செய்தி ஆசிரியர் வரச் சொல்லியிருந்த கல்லூரி வாத்தியார் எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் வந்த களைப்பு. சப்-இன்ஸ்பெக்டர் மேசையில் ஒரு பழைய பேப்பரை விரித்தார். மூட்டையை அவிழ்த்தோம். எங்கள் வீட்டில் எடுத்த துண்டையும் அலமாரியில் இருந்து கொண்டுவந்து வைத்தார்கள். வாத்தியார் கை நீட்டுவதற்குள் ஏட்டு குனிந்து இரண்டு துண்டுகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பொருந்தின. மூன்றாவதைத் திருப்பித் திருப்பி வைத்தார். அதுவும் உட்கார்ந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை ஓரமாக வைத்துவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையில் இருந்தபடியே கழுத்தை நீட்டி மேசையைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.

கடைசியில் அது ஒரு கல்லாக நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார், விட்டால் பிரிந்துவிடும். சுற்றிலும் கறுப்புத் தோல், ஒரு பக்கத்தில் மட்டும் பள்ளம். அந்தத் துண்டு குட்டையில் கிடந்தது. உள்ளே எதையும் வைக்க இடமில்லை, கம்பி நுழைய வழியில்லை, கல் முழுக்கக் கல்லாகவே இருந்தது. அதை யாரும் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது.

"விண்கல்தான்" என்றார் வாத்தியார். "காத்துல உரசி மேல் தோல் மட்டும் உருகும். உள்ள இரும்பு இருக்கும். சத்தமும் அதனாலதான்." பிறகு அக்காவைப் பார்த்து, வணங்கலாமா என்று தெரியாதவர் போல, "உங்க மேலயாம்மா விழுந்துச்சு?" என்றார்.

"ஆமா சார். இன்னொண்ணு வருமா?"

"வராதும்மா."

"எப்பிடி சார் சொல்றீங்க? இது வரும்னு யாராச்சும் சொன்னாங்களா?"

வாத்தியார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சட்டை?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், பாதி தனக்குத்தானே. சீல் வைத்த மருந்து அறையை அவர்கள் முதல் நாளே போய்ப் பார்த்திருந்தார்கள். அரக்கு உடையாமல் அப்படியே இருந்தது. அது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வருடத்தில், தெரிந்த ஒன்றை முதலில் வாய்விட்டுச் சொல்லும் ஆளாக இருக்க யாருக்கும் விருப்பமில்லை. கல்லை மெதுவாகப் பேப்பரில் இறக்கி வைத்தார். அது பிரிந்து சாய்ந்தது.

"போய்யா. கூப்ட்டா வரணும்."

மாமா எழுந்தார். சட்டையைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. அக்கா கேட்டாள். கொடுக்கவில்லை. கல்லையும் கொடுக்கவில்லை. அக்கா தன் முந்தானையை எடுத்து அவர் தோளில் போடப் போனாள், பிறகு ஊர் பார்க்கும் என்று விட்டுவிட்டாள். பனியனோடுதான் பஸ் ஏறினார்.

கொஞ்ச நாளைக்கு அக்காவைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பிள்ளைப்பாக்கத்தில் இருந்தெல்லாம் நடந்து வந்தார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர் பிள்ளைகளை அவளைத் தொட விடாமல் இழுத்துக்கொண்டார்கள். அவளுடைய இடுப்பின் கன்றல் கறுப்பில் இருந்து பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தது. கை கூடியது, கொஞ்சம் கோணலாக. கூரையில் ஓடு மாற்றினோம். ஆனால் அவள் அடுப்படியில் உட்கார்ந்து எதையும் செய்வதை விட்டுவிட்டாள். நின்றுகொண்டே சமைத்தாள், ஒரு கால் வாசலைப் பார்த்தபடி. முடிந்தபோதெல்லாம் வெளியே வந்துவிடுவாள். எது வந்தாலும் வருவதைப் பார்க்க வேண்டும் என்பாள். மாமா நேர்மாறு. வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்விடுவார். எந்த வண்டியாக இருந்தாலும்.

பிற்காலத்தில் நான் செய்திப் பிரிவுக்கு மாறினேன். உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் யார் மேலாவது விண்கல் விழுந்ததாகச் செய்தி வந்தால் நின்று படிப்பேன். கல்லின் எடை இருக்கும், வயது இருக்கும், எந்த அருங்காட்சியகத்துக்குப் போனது என்று இருக்கும். விழுந்தவர் அடுத்த வாரம் எப்படிச் சமைத்தார் என்று இருக்காது. நானும் எழுதியதில்லை. அதற்கு இடம் ஒதுக்க மாட்டார்கள்.

மழைக்காலத்துக்கு முன்பு குவாரி மருந்து அறைக்கு வைத்த சீல் உடைக்கப்பட்டது. மாமாவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். வேறொருவர் திரி வைத்தார். முதல் வெடிக்கு முன்னால் வழக்கம்போல விசில் கொடுத்தார்கள், சிவப்புக் கொடி ஆட்டிக்கொண்டு ஒருவர் "வெடீய்... வெடீய்..." என்று ஊர்ப் பக்கமாகக் கத்திக்கொண்டு வந்தார். நான் அன்று வார விடுமுறையில் இருந்தேன். அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்படியில் இருந்து வெளியே ஓடினாள். வாசலில் நின்றிருந்த மாமா உள்ளே ஓடினார். நிலைப்படியில் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

"உள்ள வாடி" என்றார் அவர், அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு.

"நீ வெளிய வாய்யா" என்றாள் அவள்.

இருவரும் நகரவில்லை. விடவும் இல்லை. மலைப் பக்கம் வெடித்தது.